மூக்குத்தி டப்பாவில் ஒரு ஸ்டீயரிங்

சித்த அந்தப் பைய அந்தப் பக்கமாத் தள்ளி வெச்சுக்குங்க தம்பி. எடம் பத்தாமச் சொல்லலீங்க. பையோட வாரு வந்து என் கையில இருக்கற டப்பாவ இடிக்குது, அதான். ஆங், போதுமுங்க.

மூக்குத்தி டப்பாதானுங்க. நகைக்கடையில குடுக்கறது. உள்ள ரோஸ் தாளுகூட அப்படியே இருக்குது. ஆனா மூக்குத்தி இல்லீங்க. ஸ்டீயரிங் இருக்குது.

கார் ஸ்டீயரிங்தானுங்க. ரேஸ் காரு. சிரிக்கறதுக்கு முன்னாடி ஒருதரம் பாத்துருங்க. மூச்ச மட்டும் அதும்மேல விட்டுராதீங்க, போன வாட்டி ஒருத்தரு தும்மினாரு, அப்பறம் நான் வெளக்கமாத்தோட ரெண்டு நாள் தேடினேன். பாத்தீங்களா? சட்டைப் பொத்தான் அளவுதான். ஆனா நெசக் காருல என்னென்ன இருக்குதோ அத்தனையும் இதுல இருக்குது. இந்த வட்டம் மோட்டாருக்குச் சுத்தற செம்புக் கம்பிங்க. பேனா மூடியில சுத்தி வளைச்சு ஈயத்துல பத்த வெச்சது. நடுவுல மூணு கை இருக்குதில்லீங்களா, அது ஆயின்மென்ட் டியூப் தகடு. கைக்கு மூணு ஓட்டை, ஊசியில குத்துனது. மேல சுத்தியிருக்கற தோலு என் பழைய மணிபர்ஸோட உள்பக்கம். தோல்மேல வெள்ளையாத் தையல் போகுது பாருங்க, அது எங்க ஊட்டுக்காரி தலைமுடி.

மூடிக்கறேனுங்க. தூசி.

இப்படி ரேஸ் காரை அளவெடுத்து, இருபத்துநாலுல ஒரு பங்காச் செஞ்சு கண்ணாடிப் பெட்டியில வெக்கறவங்க கோயமுத்தூர்ல நெறையப் பேரு உண்டுங்க. ரேஸ் ஓட்டுனவங்க வாங்குவாங்க. ஓட்ட ஆசைப்பட்டு ஊட்டுல விடாதவங்க அதுக்கு மேல வாங்குவாங்க. முழுக் காரும் எம் மச்சினன் செய்வான், சென்னியப்பன்னு பேரு, எங்க ஊட்டுக்காரிக்குத் தம்பி. டிங்கரிங், பெயிண்டிங் பட்டறை வெச்சிருக்கறான். பாடி, டயரு, பெயிண்டு எல்லாம் அவன். ஸ்டீயரிங் மட்டும் நான். நான் பம்ப் கம்பெனியில டிராயிங் ஆபீஸ்ல இருந்து ரிட்டயர் ஆனவன். கோணம்னா கோணம், நேர்கோடுன்னா நேர்கோடு. ஸ்டீயரிங்க டாஷ்போர்டுல ஒட்டறதும் நானேதான் ஒட்டுவேன். வேற யாரு கையும் அதுல பட விடமாட்டேன்.

கல்யாணத்துக்குத்தானுங்க போறேன். பட்டு வேட்டியப் பாத்துத்தான கேக்கறீங்க? பொள்ளாச்சியில. எம் பொண்ணு கல்யாணம். நாளைக்குக் காலையில முகூர்த்தம்.

என்னங்க, அப்படிப் பாக்கறீங்க? பொண்ணோட அப்பன் டவுன் பஸ்ஸாட்டம் நின்னு நின்னு போற பஸ்ல போறானேன்னா? காருல எடம் இருந்துச்சுங்க. இதோட தோலுக்கு வார்னிஷ் அடிச்சிருந்தேன். காயறதுக்குள்ள கை வெச்சா ரேகை விழுந்துரும். எங்க ஊட்டுக்காரி வேணி வாசல்ல ஹாரன் அடிச்சா. மறுக்கா அடிச்சா. 'காயட்டும் இரு'ன்னு சத்தம் போட்டுச் சொன்னேன். காஞ்சதுக்கப்பறம் வெளிய வந்து பாத்தா காரு இல்ல. கோவமெல்லாம் இல்லீங்க. கல்யாண வேலைன்னா பொம்பளைங்களுக்கு ஒரு படபடப்பு இருக்கும். நானாவே பஸ்ல வந்துக்கலாம்னு முடிவு பண்ணிட்டேன்.

காரு அவதான் ஓட்டுவா. நான் ஓட்டமாட்டேன். ஓட்டத் தெரியாதுன்னு இல்லீங்க, ஓட்டறதில்ல. ரெண்டுக்கும் வித்தியாசம் இருக்குது. அந்த வித்தியாசம் தெரியாத ஒருத்தனாலதான் இந்த ரெண்டு வருசமா எங்க ஊட்டுல நிம்மதி இல்லாமப் போச்சு. அந்த ஒருத்தன் சென்னிதான்.

பழகிப் பாத்தேனுங்க ஒருதரம். அவனேதான் பக்கத்துல உக்காந்து சொல்லிக்குடுத்தான். நல்லாத்தான் போயிட்டிருந்துச்சு. நடுவுல ஒரு செவுரு வந்துருச்சு. அந்தச் செவுரு அங்க இருக்கவேண்டிய எடமே இல்லீங்க, யாரு பிளான் போட்டுக் கட்டுனாங்களோ. சென்னி அன்னிக்கே பட்டறைக்குக் கொண்டுபோய், தட்டி நிமுத்தி, பெயிண்ட் அடிச்சு, பொழுது சாயறதுக்குள்ள கொண்டாந்து நிறுத்திட்டான். வேணிக்கு இன்னும் தெரியாது. அவன் யாருகிட்டயும் மூச்சு விடலை. அந்த மட்டுக்கும் அவன் நல்லவன். நல்லவன்னு சொன்னதுக்காக நாயம் அவன் பக்கம்னு நெனச்சுக்காதீங்க.

விசயத்துக்கு வாறேன். ரேஸ்கோர்ஸ் பக்கம் ஜெகந்நாதன்னு ஒரு பெரியவரு. வாலிபத்துல பேரு வாங்குன ரேஸ்காரரு. அவரு ஒரு போட்டோவக் குடுத்து, அதே காரு அதே மாதிரி நிக்கோணும்னாரு. ஊட்டுல இருக்கற காரெல்லாம் பொம்மையாட்டம் நேரா நிக்குதாம், இது மட்டும் ஓடற மாதிரி இருக்கோணுமாம். தன்னோட எம்பதாவது பொறந்தநாளுக்கு வர்ற சேக்காளிகளுக்குக் காட்டறதுக்கு.

போட்டோ என்னன்னாங்க, ரோடு வலது பக்கம் வளையுது. காரும் வலது பக்கம் வளையுது. முன் டயரு ரெண்டும் மட்டும் இடது பக்கம் பாத்துட்டு நிக்குது. ஸ்டீயரிங் தெரியலை, அவரு கையும் கண்ணாடியில அடிக்கற வெயிலும் மறைக்குது.

சென்னி போட்டோவுல இருக்கற மாதிரியே டயர இடது பக்கம் திருப்பி வெச்சுட்டான். நான் ஸ்டீயரிங் வலது பக்கம் ஒடிச்சு ஒட்டிட்டேன்.

"என்ன மச்சான், வலது பக்கம் ஒடிச்சு ஒட்டியிருக்கீங்க?"ன்னான்.

"ரோடு எந்தப் பக்கம்டா போகுது?"

"வலது பக்கம்."

"அப்பறம் என்ன?"

"டயரப் பாருங்க மச்சான். இடது பக்கமில்ல நிக்குது?"

"அது உன்ற தப்பு. திருப்பி வை."

"போட்டோவுலயே அப்படித்தான இருக்குது?"

"போட்டோக்காரன் அவசரத்துல எடுத்திருப்பான்"னேன்.

அவன் தலையச் சொறிஞ்சான். வேகமா வளையறப்ப வண்டியோட பின்பக்கம் வழுக்கிட்டுப் போகுமாம். அப்ப ஸ்டீயரிங்க எதிர்ப்பக்கம் ஒடிச்சாத்தான் வண்டி பொரளாம நிக்குமாம். நானும் பொறுமையாத்தான் கேட்டேன். "ஏன்டா, வலது பக்கம் போறதுக்கு எவனாவது இடது பக்கம் ஒடிப்பானா? பொள்ளாச்சிக்குப் போகோணும்னா பாலக்காட்டு பஸ்ஸுல ஏறுவியா?"ன்னு கேட்டேன். பதில் இல்ல. பதில் இல்லீன்னா என்ன அர்த்தமுங்க? ஒத்துக்கிட்டான்னு அர்த்தம். பசையும் காஞ்சுருச்சு. புடுங்குனா உடையும். அப்படியே துணி சுத்தி எடுத்துட்டுப் போயிட்டோம்.

பொறந்தநாள்ல எல்லாம் பழைய ரேஸ்காரங்க. நரைச்ச மீசை, கையில கோலு, ஒருத்தரு சக்கர நாற்காலி. நடு ஹால்ல மேசை மேல காரு. பெரியவரு தொறந்து காட்டினதும் எல்லாரும் குனிஞ்சு பாத்தாங்க. சென்னி அடிச்ச செகப்பு பெயிண்டு செர்ரிப் பழமாட்டம் மின்னுது. நெஞ்சு நெறஞ்சு நின்னேன் தம்பி, பொய் சொல்லலை. அப்ப அந்தச் சக்கர நாற்காலிக்காரரு சொல்றாரு, "ஏப்பா ஜெகந்நாதா, டயரு ஒரு பக்கம் பாக்குது, ஸ்டீயரிங் ஒரு பக்கம் பாக்குது. இப்படி நீ ஓட்டியிருந்தா இன்னிக்குக் கேக் வெட்டியிருக்க மாட்டே, படத்துக்கு மாலைதான் போட்டிருப்போம்."

எல்லாரும் சிரிச்சாங்க. பெரியவரும் சிரிச்சாரு.

எனக்கு ஒண்ணும் கோவமில்லீங்க. தெரியாதவங்களுக்கு எடுத்துச் சொல்லோணும். நான் மேசைப் பக்கத்துல போய், ரோடு வலது பக்கம் வளையறதுனால ஸ்டீயரிங் வலது பக்கம்தான் இருக்கோணும், டயருதான் தப்பு, அது எங்க மச்சினனோட கவனக்குறைவுன்னு கோணத்தோட வெளக்குனேன். எல்லாரும் என்னையே பாத்தாங்க. அத்தனை வருசம் ரேஸ் ஓட்டியும் இவங்களுக்கே தெரியாத ஒண்ணச் சொல்லிட்டமேன்னு நெனச்சேன். சக்கர நாற்காலிக்காரரு மட்டும், "தம்பி எந்த டிராக்ல ஓட்டியிருக்கீங்க?"ன்னு கேட்டாரு.

அப்பத்தான் சென்னி வந்தான். என் தோள்ல கையப் போட்டான். சிரிச்சுக்கிட்டே சொல்றான், "கோவிச்சுக்காதீங்க ஐயா. எங்க மச்சானுக்குக் காரு ஓட்டத் தெரியாதுங்க."

நாலு பேரு முன்னால.

ஓட்டறதில்லைன்னு சொல்லியிருக்கலாம். ஓட்டத் தெரியாதுங்கறான். இத்தனை வருசமா ஸ்டீயரிங் செய்யறவனப் பாத்து. என்னக் காப்பாத்தறதுக்குத்தான் சொன்னேன்னு அப்பறம் வேணிகிட்டச் சொன்னானாம். காப்பாத்தற லட்சணத்தப் பாருங்க. அன்னிக்கும் நான் பஸ்லதான் வந்தேன்.

ரொம்ப அவமானமா இருந்துச்சு தம்பி. வேற வார்த்தை இல்ல அதுக்கு. சோறு எறங்கலை.

அன்னியோட பேச்சு வார்த்தை நின்னுபோச்சு. அவன் பட்டறைப் பக்கம் நான் போறதில்ல. அவன் எங்க ஊட்டுப் பக்கம் வர்றதில்ல. வேணியும் எம் பொண்ணு சிந்துஜாவும்கூட அங்க போறதில்ல, நான் கண்டிசனாச் சொல்லிட்டேன். பாவம், அவங்களுக்குப் பொழுது போகோணுமில்ல, வெள்ளிக்கெழமையானாப் பிள்ளையார் கோயிலுக்குப் போயிருவாங்க. இந்த ரோட்டுமேலதான் இருக்குது, இப்ப வரும் பாருங்க. போனா வர்றதுக்கு ரொம்ப நேரமாகும். பொண்ணுக்கு பக்தி அதிகம். வரும்போது சேலையெல்லாம் பெயிண்ட் வாசம் அடிக்கும். என்னன்னு கேட்டேன், கோயில்ல பெயிண்ட் வேலை நடக்குதுன்னாங்க.

இதா, இந்தக் கோயில்தானுங்க. வலது கைப்பக்கம். கோபுரம் பாத்தீங்களா? ரெண்டு வருசமா அடிச்ச பெயிண்டு, அதுக்குள்ள எப்படி வெளுத்துப்போய்க் கெடக்குது பாருங்க. இப்பல்லாம் பெயிண்ட்ல தரமே இல்லீங்க.

இப்படி இருக்கறப்ப சிந்துஜாவுக்கு வரன் அமைஞ்சுது. அங்கதான் சிக்கல். எங்க பக்கத்துக் கல்யாணத்துல, பொண்ணு மணவறைக்கு வர்றதுக்கு முன்னாடி நெத்தியில பட்டம்னு ஒரு தகடு கட்டோணுமுங்க. அத அம்மாகூடப் பொறந்த தாய்மாமன்தான் கட்டோணும். அப்பன் எத்தனை பெரிய மனுசனா இருந்தாலும் சரி, அந்த எடத்துல அவனுக்கு வேலை இல்ல. தள்ளி நின்னு பாக்கலாம், அவ்வளவுதான். வேணிக்குக் கூடப் பொறந்தவன் சென்னி ஒருத்தன்தான்.

நான் விட்டுருவனா? காங்கயத்துல வேணிக்குப் பெரியப்பா மகன் ஒருத்தன் இருக்கறான். அவனும் மாமன் மொறைதான். அவனே பட்டம் கட்டட்டும்னு சொல்லிட்டேன். சிந்துஜா நேரா எங்கிட்டச் சொல்லலை. அடுப்படியில பாத்திரத்தக் கழுவிக்கிட்டே அவங்கம்மாகிட்டச் சொல்றா, "சென்னி மாமா கட்டலீன்னா நான் மணவறைக்கு வரமாட்டேன். கல்யாணம் நிக்கட்டும்." எனக்குக் கேக்கோணும்னே சொல்றா. குழாய மூடிட்டுச் சொல்றா தம்பி.

ஒத்தப் பொண்ணுங்க. சும்மா பேச்சுக்குச் சொல்றவளும் இல்ல. அதுக்காக எறங்கிப் போக முடியுமுங்களா? நானும் ஒரு வழி சொன்னேன். சென்னி வரட்டும். வந்து, டயரு தப்புன்னு ஒரே ஒரு வார்த்தை சொல்லிட்டுப் பட்டம் கட்டட்டும். நாயமான கோரிக்கைதானுங்க? கல்யாணத்தவிட ஒரு டயரா பெருசுன்னு வேணி கேட்டா. அதத்தான் நானும் கேக்கறேன், அவன் ஏன் அதப் பெருசாப் புடிச்சுக்கறான்?

அப்பறம் பத்திரிகை வெக்கறதுக்கு ஒறம்பரைக ஊட்டுக்குப் போயிட்டு இருந்தோம். ஆனைமலைப் பக்கம் போயிட்டுத் திரும்பி வாறோம், நல்ல மழை. வேணி ஓட்டறா. நான் பக்கத்துல உக்காந்து சொல்லிட்டே வருவேன், இங்க மெதுவா, அங்க ஹாரன் அடின்னு. அப்படிச் சொல்லலீன்னா அவளுக்குக் கை ஓடாது. அவ பதிலே பேச மாட்டா, அவ்வளவு கவனமாக் கேப்பா.

புளியமரத்துப் பக்கம் ஒரு வளைவு. வலது பக்கம் வளையுது. தேங்கா மட்டை ஏத்துன டிராக்டரு போயிருக்கும் போல, ரோடெல்லாம் சேறு. திரும்பறோம், பொசுக்குனு வண்டியோட பின்பக்கம் தனியாப் போற மாதிரி இருந்துச்சு. மரம் என்ற கண்ணாடிக்கு நேரா வருது. நான் இல்லாத பிரேக்க ரெண்டு காலாலயும் மிதிக்கறேன். அப்ப வேணி கையப் பாத்தேன் தம்பி. ரோடு வலது பக்கம் போகுது. அவ ஸ்டீயரிங்க வெடுக்குனு இடது பக்கம் ஒடிக்கறா.

வண்டி ஒரு ஆட்டம் ஆடி நேரா நின்னுருச்சு.

மழை மட்டும் பேயுது. அப்பறம் நான்தான் சொன்னேன், "ஏன்டி, வலது பக்கம் போறதுக்கு இடது பக்கமா ஒடிப்பே? நல்லவேளை, தப்பா ஒடிச்சும் வண்டி தானா நின்னுருச்சு."

வேணி என்னத் திரும்பிப் பாத்தா. கண்ணெல்லாம் தண்ணி. "தானா நிக்கலீங்க"ன்னா. "இப்படித்தான் ஒடிக்கோணும்னு எந் தம்பி சொல்லிக்குடுத்தான்."

அவ்வளவுதான் சொன்னா. வண்டிய எடுத்தா. நம்ம ஊட்டுக்குத் திரும்பற எடத்துல திரும்பலை. நேரா சென்னி ஊட்டு வாசல்ல கொண்டுபோய் நிறுத்துனா. பின்னாடி டிக்கியத் தொறந்து தட்டத்த எடுக்கறா. பத்திரிகை, வெத்தலபாக்கு, தேங்கா, பழம், எல்லாம் தயாரா இருக்குது. எந்த ஊட்டுக்கு வெச்சிருந்ததுன்னு எனக்குப் புரியலை. அந்தப் பழம் அப்பவே கனிஞ்சு கறுத்திருந்துச்சு. ரொம்ப நாளா டிக்கியிலயே சுத்தியிருக்கும் போல.

அவ எறங்கிப் போயிட்டா. நான் எறங்கலை. சீட் பெல்ட் மாட்டிக்கிச்சுங்க, கழட்ட வரலை. சென்னி தலையில துண்டப் போட்டுட்டு மழையில ஓடி வந்தான். கண்ணாடிகிட்டக் குனிஞ்சு, "உள்ள வாங்க மச்சான்"ன்னான்.

"பெல்ட் கழட்ட வரலை"ன்னேன்.

அவன் கையவிட்டு ஒரு அமுக்கு அமுக்குனான். கழண்டுருச்சு. நான் மறுபடி மாட்டிக்கிட்டேன். பாதுகாப்பு முக்கியமுங்க.

அவன் அப்படியே நனைஞ்சுட்டு நின்னான். எளைச்சிருந்தான். "அந்தக் காரு என்னாச்சு?"ன்னு கேட்டேன்.

"பட்டறையிலதான் இருக்குது மச்சான். பெரியவரு அன்னிக்கே எங்கிட்டக் குடுத்துட்டாரு. சரி பண்ணிக் குடு, இருக்கற வரைக்கும் காத்திருக்கறேன்னு சொல்லியிருக்கறாரு."

"ஸ்டீயரிங்கு?"

"கழட்டிட்டேன். அந்த எடம் காலியாத்தான் கெடக்குது."

"ரெண்டு வருசமாவா? வேற யாருகிட்டயாவது வாங்கி ஒட்டறதுக்கென்ன? பாம்பேயில ரெடிமேடாவே விக்கறானே."

"உங்க எடத்துல வேற ஒருத்தருத எப்படி மச்சான் வெக்கறது?"ன்னான்.

மூஞ்சியில மழைத்தண்ணி வழியுது, தொடைக்காமச் சொல்றான். சாரல் உள்ள அடிச்சுது, அதனாலதான் கண்ணாடிய ஏத்திக்கிட்டேன்.

திரும்பி வர்றப்ப நாந்தான் பேச்ச எடுத்தேன். "காங்கயத்தானுக்கு முழங்கால் வலியாமா? பட்டம் கட்டற வரைக்கும் நிக்க முடியுமா அவனால?"ன்னேன். சும்மா ஒரு அக்கறையில கேட்டேனுங்க. வேணி ரோட்டப் பாத்துக்கிட்டே, "முடியாதுங்க. ரொம்ப வலியாமா"ன்னா. அப்ப சரி, வேற ஆளு இல்லாததுனால சென்னியே கட்டட்டும்னு விட்டுட்டேன். அடுத்த வாரம் அந்தக் காங்கயத்தான் பழனிக்குப் பாதயாத்திரை போயிட்டு வந்து பஞ்சாமிர்தம் குடுத்தான். முருகன் அருள்ல சரியாயிருச்சு போல.

அதுக்கப்பறம்தான் இந்த ஸ்டீயரிங்க ஆரம்பிச்சேன். தப்பா நெனச்சுக்காதீங்க, நான் சொன்னதுல மாத்தமில்ல. வலது பக்கம் வளையற ரோட்டுல வலது பக்கம்தான் ஒடிக்கோணும், எந்தக் கோர்ட்டுலயும் சொல்லுவேன். ஆனா கஸ்டமருன்னு ஒருத்தரு இருக்கறாரில்ல. எம்பது தாண்டுன மனுசன். அவரு போட்டோவுல டயரு ஒரு பக்கம் நிக்குது, அதுக்கேத்த மாதிரி வேணும்னு ஆசைப்படறாரு. கஸ்டமர் கேக்கறத நாம குடுக்கோணும். தொழில் தருமம்.

தையலுக்கு வெள்ளை முடி வேணும். முன்னயெல்லாம் வேணி சீப்புல இருந்து நானே எடுத்துக்குவேன். அவளுக்கு நரை வந்தப்ப எனக்கு ரொம்பச் சந்தோசமுங்க, பழைய ரேஸ் காருக்கெல்லாம் வெள்ளைத் தையல்தான. அதச் சொன்னேன், அவளுக்குப் புடிக்கலை. சென்னியோட சண்டை வந்த பொறவு சீப்பையே ஒளிச்சு வெச்சுட்டா. இந்தவாட்டி நான் கம்பிய வளைச்சுட்டு இருக்கறப்ப, கேக்காமலே ஒரு முடியத் தாள்ல மடிச்சுக் கொண்டாந்து மேசைமேல வெச்சுட்டுப் போனா. நல்ல நீளமான முடி. இதுல போகுதே, அதுதானுங்க. நான் செஞ்ச ஸ்டீயரிங்கிலயே இதுதான் நல்லா வந்திருக்குது.

சித்த இருங்க, போன் அடிக்குது.

ஆ, சொல்லு. கெணத்துக்கடவு தாண்டியாச்சு... பொள்ளாச்சிதான் வரப்போகுது... காஞ்சுருச்சு, காஞ்சுருச்சு... யாரு? அவன் எதுக்கு? நான் ஆட்டோவுல வந்துக்குவேன்... சரி. சரின்னு சொல்றனல்ல. வெய்யி.

வேணிதானுங்க. பஸ் ஸ்டாண்டுக்கு ஆள் அனுப்பியிருக்கறாளாமா. சென்னிய. பொண்ணு அங்க சாயங்காலச் சடங்குக்கு அலங்காரம் பண்ணிட்டு உக்காந்திருக்கறா, மாமனும் அப்பனும் சேந்து வந்து எறங்குனாத்தான் வெளிய வருவேங்கறாளாமா. ஒண்ணாத்தான் எறங்கோணுமாமா, தனித்தனியா வந்தாக் கணக்கில்லியாமா. புடிவாதம். யாரு மாதிரின்னு தெரியலை.

பொள்ளாச்சி வந்துருச்சு. கூட்டத்தப் பாருங்க. அந்தா, பேக்கரிக்கு முன்னாடி நிக்கறான் பாத்தீங்களா? பச்சைக் கரை வேட்டி, நெட்டையா. அவன்தான். ஒவ்வொரு பஸ்ஸாக் குனிஞ்சு குனிஞ்சு பாக்கறான். எத்தனை நேரமா நிக்கறானோ, சட்டையெல்லாம் வேர்த்துக் கெடக்குது.

நீங்களும் இங்கதான எறங்கறீங்க? ஒரு சின்ன ஒத்தாசை பண்ணுங்க தம்பி. இந்த டப்பாவ நீங்களே அவங்கிட்டக் குடுத்துருங்க. ஒட்டறது அவனே ஒட்டிக்கட்டும். இதுவரைக்கும் யாருக்கும் விட்டதில்ல, இந்தவாட்டி அவனே ஒட்டட்டும். எந்தப் பக்கம் ஒடிச்சு ஒட்டோணும்னு மட்டும் அவங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிருங்க. அது போதும். அன்னிக்கு அவன் நாலு பேரு முன்னால சொன்னான், இதுவும் வேத்து மனுசன் மூலமாப் போறதுதான் மொறை. நான் அந்தக் கடையில தண்ணி பாட்டில் வாங்கற மாதிரி நின்னுக்கறேன். நீங்க சொல்லி முடிச்சதும் அவன் என்னப் பாப்பான். பாக்கட்டும், அதுக்கப்பறம் நான் வந்துக்கறேன்.

கையில வாங்கிக்குங்க. குலுக்காம. ஆங்.

எந்தப் பக்கம்னு தெரியுமல்லங்க? இவ்வளவு நேரம் கேட்டுட்டுத்தான வந்தீங்க. எங்க, எனக்கு ஒருதரம் சொல்லிக் காட்டுங்க பாக்கலாம்.

அதேதானுங்க. அப்படியே சொல்லிருங்க. காலையில இருந்து நானும் சொல்லிப் பாக்கறேன், எனக்கு அது வாயில வரமாட்டேங்குது.